வளைக்குள் வாழும் விலங்குகளுக்கு மூச்சு முட்டாதா?

முட்டாது. பெரும்பாலும் வளையின் அமைப்பே அதைப் பார்த்துக்கொள்கிறது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி நாயை எடுத்துக்கொள்ளுங்கள் (பெயரில்தான் நாய், அது அணில் குடும்பம்). அதன் வளைக்கு இரண்டு வாய்கள் இருந்தால், ஒன்றைச் சுற்றி மண்ணை உயரமாகக் குவித்து, மற்றதைத் தாழ்வாக விடும். மேட்டின் உச்சியில் காற்று வேகமாக வீசுவதால் அங்கே அழுத்தம் குறையும். உள்ளே தேங்கிய காற்று அந்த வழியாக வெளியேற, தாழ்ந்த வாய் வழியே புதுக்காற்று நுழையும். லேசான காற்றே போதும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்புதான். அதே மேட்டில் ஏறி நின்று எதிரி வருகிறதா என்றும் பார்க்கும். பார்வை மறையாதபடி சுற்றிலும் புல்லைக் கடித்துக் குட்டையாக்கி வைக்கும்.

அப்புறம், கிழக்கு ஆப்பிரிக்காவில் ரோமம் அநேகமாக இல்லாத ஒரு துன்னெலி உண்டு. நெரிசலான சுரங்கத்தில் கூட்டமாக வாழும் அது, ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாங்கும்.