இங்கிலீஷ் வெர்ப்ல எங்க மாட்டுறீங்க? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, அமெரிக்க காலேஜ்ல சேர எழுதுற எஸ்ஏடி பரீட்சையோட மாக் டெஸ்ட்ல 'தி கலர் ஆஃப் தி லீவ்ஸ் ஆன் தோஸ் ட்ரீஸ் ___ எவ்ரி இயர்'னு வந்துச்சு. நான் 'சேஞ்ச்' போட்டேன், தப்புன்னு காட்டுது. ட்ரீஸ் ப்ளூரல் தானே?

ட்ரீஸ் ப்ளூரல் தான் தம்பி, ஆனா மாறுறது மரம் இல்ல, கலர். அது சிங்குலர், அதனால 'சேஞ்சஸ்'. 'ஆஃப்'ல ஆரம்பிச்சு கோடு வரைக்கும் இருக்கிறதை பென்சிலால அடிச்சிடு, 'தி கலர் ___' மட்டும் மிஞ்சும். இந்த இடத்துல நமக்கு காது உதவாது, ஏன்னா நாம பேசுறப்ப 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு' ரெண்டுக்கும் ஒரே வினை தான், 'வந்தன'ன்னு எழுத்துல மட்டும் தான் பார்க்கிறோம், அதனால அஃறிணைக்கு ஒருமை பன்மை பார்த்து வினையை மாத்துற பழக்கமே நம்ம வாயில கிடையாது. இன்னொண்ணு, ஆப்ஷனை முதல்ல பாரு. உன் கேள்வியில 'சேஞ்ச்', 'ஹேவ் சேஞ்ச்ட்', 'ஆர் சேஞ்சிங்' மூணும் ப்ளூரல், 'சேஞ்சஸ்' ஒண்ணு தான் சிங்குலர்னு சொன்னா, அங்க டென்ஸை பத்தி யோசிக்கவே தேவையில்ல, சப்ஜெக்ட் ஒருமைன்னு தெரிஞ்சதும் முடிஞ்சுது. எஸ்ஏடி ரீடிங் ரைட்டிங்ல ஒரு மாட்யூல்ல, அதாவது ஒரு பகுதியில, 32 நிமிஷத்துக்கு 27 கேள்வி, இப்படி மிச்சம் பிடிக்கிற நேரம் பெரிய பேசேஜுக்கு ஆகும்.

கேள்வி: 'மேரி க்யூரி, ஹூ வான் டூ நோபல் ப்ரைஸஸ், ___ ரேடியம் இன் 1898.' டிஸ்கவர்ட், டிஸ்கவரிங், ஹேவிங் டிஸ்கவர்ட், டு டிஸ்கவர். எனக்கு நாலுமே சரியா தான் கேக்குது மேடம்.

ஸ்கூல்ல எச்சம், முற்றுன்னு படிச்சோமே, அதை இங்க எடுங்க. 'ரெண்டு நோபல் பரிசு வாங்கின மேரி க்யூரி 1898-ல ரேடியத்தை கண்டுபிடிச்சு'ன்னு சொல்லி முற்றுப்புள்ளி வச்சா கேக்கிறவங்க 'கண்டுபிடிச்சு? அப்புறம்?'னு கேப்பாங்க. டிஸ்கவரிங், ஹேவிங் டிஸ்கவர்ட், டு டிஸ்கவர் மூணும் எச்சம், வாக்கியத்தை முடிக்காது. 'வான்' முற்று மாதிரி தெரியும், ஆனா அது 'ஹூ'வுக்குள்ள அடங்கிப்போச்சு, நம்ம 'வாங்கின' மாதிரி. வாக்கியத்தை முடிக்க ஒரு முற்று வேணும், டிஸ்கவர்ட் தான்.

கேள்வி: லை, லே, லெய்ட், லேன். ரெண்டு வருஷமா மனப்பாடம் பண்றேன், எக்ஸாம் ஹால்ல எல்லாம் கலந்துடுது 😭

அழாதம்மா, இது நிறைய பேருக்கு கலங்கும், ஏன்னா 'லே'ங்கிற ஒரே சொல் ரெண்டு வெர்ப்புலயும் வருது. தன்வினை பிறவினையா பிரிச்சிக்கோ. கிட, கிடத்து. கிடக்கிறது லை, அதோட பாஸ்ட் லே, ஹேவ் வந்தா லேன். கிடத்துறது லே, அதோட பாஸ்ட் லெய்ட், ஹேவ் வந்தாலும் லெய்ட். இப்ப 'யெஸ்டர்டே தி டாக் ___ இன் தி ஷேட்'. நாய் நிழல்ல கிடந்துச்சு, எதையும் கிடத்தல, அதனால 'லே'. 'ஷி ___ தி பேபி ஆன் தி பெட்', குழந்தையை கிடத்தினா, அதனால 'லெய்ட்'. 'எதை?'ன்னு கேட்டு பதில் வந்தா கிடத்து, வரலைன்னா கிட. ரைஸ், ரெய்ஸ் கூட இதே கணக்கு தான், எழு, எழுப்பு. சூரியன் ரைஸ் ஆகும், நீ கையை ரெய்ஸ் பண்ணுவ. நாலு சொல்லை தனியா ஒப்பிக்கிறதை இன்னிக்கே விட்டுடு, வாக்கியமா எழுதிப் பழகு.

கேள்வி: எம்பிஏ சேர எழுதுற ஜிமேட்டுக்கும் இதெல்லாம் படிக்கணுமா?

வேணாம். 2023-ல வந்த புது வடிவத்துல வாக்கியத்துல தப்பைத் திருத்துற சென்டென்ஸ் கரெக்ஷனையே எடுத்துட்டாங்க. பழைய புக்கை வச்சு அந்த பகுதியில நேரம் போட்டுடாதீங்க, மனசு கேக்காம தான் சொல்றேன்.

கேள்வி: 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்' தப்பாக்கா? எல்லாரும் பேசுறாங்களே.

பேச்சுல ஓடும், டெஸ்ட்ல ஓடாது. தமிழ்ல சொல்லிப் பாரு, 'தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்'. 'இருப்பேன்' ரெண்டாவது பாதியில மட்டும் தான் வருது, முதல் பாதியில யாரும் போடுறதில்ல. இங்கிலீஷ்லயும் அப்படியே, 'இஃப்' பக்கம் 'ஹேட் நோன்', அந்தப் பக்கம் 'வுட் ஹேவ் கம்'. ஆனா எப்பவும் தமிழை நம்பிடாத, 'மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்'னு நாம நிகழ்காலத்துல சொல்றதை அப்படியே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'னு மாத்துனா மாட்டிக்குவ, அங்க 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வரணும்.

கேள்வி: 'தி டாக்டர் ரெக்கமெண்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்'. ஹி வந்தா டேக்ஸ் தானே வரணும், ஆன்சர் கீ தப்பா?

கீ சரி தான். ரெக்கமெண்ட், டிமாண்ட் இதுக்கெல்லாம் பின்னாடி 'தட்' வந்து, ஒருத்தர் இதை செய்யணும்னு அர்த்தம் இருந்தா வெர்ப் வெறுமனே நிக்கும், எஸ் ஒட்டாது, பாஸ்ட்டும் ஆகாது, 'இஸ்' வர்ற இடத்துல 'பி' வரும். தமிழ்ல 'எடுக்கணும்'னு வருதான்னு பாருங்க. இன்சிஸ்ட்ல மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க. 'ஹி இன்சிஸ்டட் தட் ஷி லீவ்'னா அவ போயே ஆகணும்னு பிடிவாதம், 'ஹி இன்சிஸ்டட் தட் ஷி வாஸ் ரைட்'னா அவ சொன்னது சரின்னு அடிச்சு சொன்னான், அங்க 'ணும்' இல்ல, அதனால 'வாஸ்' சரி.