அப்பாவின் ஆர்எக்ஸ் 100-க்கு வேறு இன்ஜின் மாட்டினால் செல்லுமா?

கேள்வி: 1989-ல் அப்பா புதிதாக வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பல வருடம் ஓடாமல் நின்றது. அப்பா இப்போது இல்லை. ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒருமுறை புதுப்பித்து, 2009-ல் காலாவதியானது. இன்ஜின் ஜாம் ஆகிவிட்டதால் பழைய இரும்புக் கடையில் ஒரு 135 சிசி இன்ஜின் வாங்கி மாட்டினேன். ஒற்றை சீட், எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் என்று மாற்றங்களும் செய்துவிட்டேன். விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்தால் சிக்கல் தீருமா? அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள்.

பதில்: தீராது. விண்டேஜ் பதிவுக்கென 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி விதிகள் வந்தன. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், வண்டியும் அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2039-ல்தான் 50 ஆகிறது. அப்படியே கிடைத்தாலும் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. ஆகவே சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதுதான் உங்களுக்கு வழி.

அதற்குக் குறுக்கே நிற்பது அந்த 135 சிசி இன்ஜின். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சிசி இரண்டுமே இப்போது வண்டியோடு பொருந்தாது. உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்ஜினுக்குத் தனி, சைலன்சருக்குத் தனி.

பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இருந்தால் பாதிக் கவலை போயிற்று. இன்ஜின் எண் பொறித்திருப்பது கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் அடிப்பகுதிக் கூட்டில். பிஸ்டன், ரிங், கிராங்க், பேரிங் என்று உள்ளே எதைப் புதிதாகப் போட்டாலும் அந்த எண் மாறாது. தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தை ஒரு சைஸ் கூட்டிக் கடைந்து (போர் போட்டு) அதற்கேற்ற பிஸ்டன் போடுவது வழக்கமான பழுதுவேலை. அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 135 சிலிண்டரை எடுத்து 100 கேஸில் உட்கார வைப்பது வேறு. எண் சரியாக இருந்தாலும் வண்டியின் சிசி மாறிவிடுகிறது. ஜாம் ஆன இன்ஜினை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப் பாருங்கள். அப்பா ஓட்டிய இன்ஜினே திரும்ப ஓடினால் சட்டத்துக்கும் நல்லது, உங்களுக்கும் அதைவிட என்ன வேண்டும்?

கிராங்க் கேஸே உடைந்திருந்தால், அதே ரக 100 சிசி இன்ஜினை ரசீதோடும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தோடும் வாங்குங்கள். மாட்டுவதற்கு முன்பே பதிவு அதிகாரியிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெற்றுவிடுங்கள். இப்போதுள்ள 135-க்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்து, அதைத் தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினீர்கள் என்று வந்தால் திருட்டுப் பொருளை வாங்குவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 317-ஆவது பிரிவு வரை போகும். எண்ணைத் தேய்த்து மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சீட்டும் அப்படித்தான். ஆர்.சி.யில் இருவர் அமரும் வண்டி என்று இருக்கும். பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது விதி 123. பழைய சீட்டையும் சைலன்சரையும் திரும்ப மாட்டிவிடுங்கள். பெயின்ட் உங்கள் விருப்பம். ஆனால் நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதாலேயே புகைச் சான்று கிடைக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 31.3.2000 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்குத் தனி வரம்பு உண்டு: கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம். ஆயில் கலவையும் கார்புரேட்டரும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

அப்புறம், பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்து 30 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். தாமதத்துக்கான கட்டணத்தைக் கட்டிவிடலாம். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கூடவே அம்மாவும் தங்கையும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரும் கடிதம். புதுப்பிக்கப் படிவம் 25. ஆய்வாளர் வண்டியைப் பார்த்த பிறகு ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும். பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

ஆய்வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், லோடு வண்டியில் ஏற்றிப் போங்கள். காலாவதியான ஆர்.சி.யுடன் ஓட்டினால் 192-ஆவது பிரிவில் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். இன்சூரன்ஸும் இல்லாமல் யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். புதிய ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் கைக்கு வரும்வரை தெருமுனை வரைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம்.