ஃபோர்க் இல்லாத இடத்தில்

கேள்வி: லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இணைப்பு சட்டென்று கிடைக்கிறது. விண்டோஸில் ஏன் தாமதம்?

பதில்: லினக்ஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் போஸ்ட்கிரெஸின் தாய்ச் செயல்முறை ‘ஃபோர்க்’ என்ற இயங்குதள வசதி மூலம் தன்னையே நகலெடுக்கிறது. அமைப்புகளும், எல்லாச் செயல்முறைகளும் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு நினைவகமும் அந்த நகலுக்கு, அதாவது சேய்க்கு, அப்படியே வந்துவிடும். விண்டோஸில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் செயல்முறை தொடங்கி, தாய் விட்டுச்சென்ற மாறிகளைப் படித்தாக வேண்டும். பகிர்வு நினைவகமும் தாயிடம் உள்ள அதே முகவரியில் அமைய வேண்டும். வேறொரு டிஎல்எல் (நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்பு) அங்கே முந்திக்கொண்டால்? அதற்காகவே சேயை உறைநிலையில் உருவாக்கி, அந்த முகவரியை ஒதுக்கிய பிறகே ஓடவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது! 2005இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் விண்டோஸில் நேரடியாக இயங்குகிறது.

அதனால் ஒவ்வொரு வினவலுக்கும் புது இணைப்பு திறக்காதீர்கள், தயவுசெய்து. திறந்த இணைப்புகளையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இணைப்புத் தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.