பால் மில்லுக்கு (ball mill: ஜாருக்குள் குண்டுகள் மோதிச் சோதனை மாதிரியைப் பொடியாக்கும் இயந்திரம்) எந்த ஜார், எந்தக் குண்டு?

கிரானைட் தூளில் நிக்கலும் குரோமியமும் அளக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஜாரில் அரைக்கலாமா?

வேண்டாம். ஜாரும் குண்டும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்ந்து தூளோடு கலக்கும். அந்த எஃகில் குரோமியம் நிச்சயம் உண்டு, ரகத்தைப் பொறுத்து நிக்கலும் இருக்கும். கடைசியில் நீங்கள் அளப்பது பாறையையா, ஜாரையா என்றே தெரியாது. அகேட் என்ற கல்லில் செய்த ஜாரும் குண்டும் எடுங்கள். அது கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. கிரானைட்டில் ஏற்கெனவே 70 சதவீதம் அளவுக்கு சிலிக்கா இருப்பதால், துளி கூடினாலும் கணக்கு மாறாது. அதே அகேட்டில் சுண்ணாம்புக்கல்லை அரைத்து சிலிக்காவை அளந்தால் தப்பாகிவிடும். டங்ஸ்டன் கார்பைடு டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் விடும்; ஜிர்கோனியா என்ற பீங்கான் ஜிர்கோனியத்தையும் அதோடு வரும் ஹாஃப்னியத்தையும் விடும். தேயாத ஜார் என்று ஒன்று கிடையாது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: எந்தத் தனிமம் கலந்தால் உங்களுக்குப் பரவாயில்லை?

அகேட்டில் ரொம்ப நேரம் ஆகிறதே?

ஆகும், குண்டு லேசானது. 10 மி.மீ. குண்டு ஒன்று அகேட்டில் சுமார் 1.4 கிராம், ஜிர்கோனியாவில் 3.1, டங்ஸ்டன் கார்பைடில் 7.8 கிராம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கனமான குண்டு ஓங்கி அடிக்கும், வேலை சீக்கிரம் முடியும். ஜிர்கோனியம் கலந்தால் பாதகமில்லை என்றால் ஜிர்கோனியாவுக்கு மாறுங்கள்.

அலுமினா (இதுவும் ஒரு பீங்கான்) ஜாரில் எஃகுக் குண்டு போடலாமா?

கூடாது. கனமான எஃகு அடித்து அடித்து அலுமினாவின் விளிம்பு பெயரும். கலப்படமும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஜாரும் குண்டும் ஒரே பொருளாக இருக்கட்டும்.

எவ்வளவு நிரப்புவது?

ஜாரில் குண்டு மூன்றில் ஒரு பங்கு, அரைக்க வேண்டிய மாதிரி இன்னொரு பங்கு, மீதி காலியிடம். குண்டின் விட்டம் பெரிய துகளைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், 3 மி.மீ. துகளுக்கு 10 மி.மீ. குண்டு சரி. இன்னும் பொடியாக வேண்டுமென்றால் சலித்துவிட்டு, அப்புறம் சின்னக் குண்டுகளை மட்டும் போட்டு ஓட்டுங்கள். மாதிரி இல்லாமல் வெறும் குண்டுகளை ஓட்டவே கூடாது.

கழுவுவது எப்படி?

சுத்தமான குவார்ட்ஸ் மணலும் தண்ணீரும் விட்டுச் சில நிமிடம் ஓட்டிக் கழுவலாம். பிறகு அடுத்த மாதிரியில் கொஞ்சம் அரைத்து அதைக் கொட்டிவிட்டு, மறுபடி எடுத்து அரைப்பது நல்லது. அகேட்டுக்குச் சூடும் குளிரும் சட்டென மாறினால் ஆகாது. ஒருமுறை அவசரத்தில், சூடு ஆறாத ஜாரை நேராகக் குழாய்த் தண்ணீரில் பிடித்துவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை தலைமுடி போல ஒரு கோடு. அந்த ஜார் அத்தோடு சரி. எத்தனால் ஊற்றி அரைப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். உள்ளே ஆவி அழுத்தம் ஏறியிருக்கும், நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறங்கள்.