வீட்டு ஒலிப்பதிவுக்குக் குறைந்த விலை சவுண்ட் கார்டு: கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டிலிருந்தபடியே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்ய விரும்பும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணினியோடு இணைக்கும் பெட்டி, மைக், அவற்றைச் சார்ந்த மின் இணைப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி (திருமங்கலம்): ஐயா, என் மேசைக் கணினியிலேயே மைக் செருகும் துளை இருக்கிறது. பாட்டுப் பதிவுக்குத் தனி சவுண்ட் கார்டு அவசியமா? மைக்கையும் சேர்த்து என்னிடம் 10,000 ரூபாய்தான் இருக்கிறது.

பதில்: அவசியம். அந்தத் துளை ஹெட்செட்டில் வரும் சிறிய மைக்குக்காக வைக்கப்பட்டது. பாடகர்கள் பிடிக்கும் எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி கொண்ட வட்டச் செருகி) மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை இரைச்சல் சேராமல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கிக் கொடுக்கும் முன்பெருக்கி உங்கள் கணினிக்குள் கிடையாது. மின்விசிறியும் பவர் சப்ளையும் ஓடுகிற அந்தக் கூட்டுக்குள் நுண்ணிய சிக்னலைக் கொண்டுபோவதைவிட, யூஎஸ்பி கம்பியால் இணைக்கும் வெளிப்பெட்டியில் பெருக்கி, எண்களாக மாற்றி அனுப்புவதே நல்லது. இன்டர்ஃபேஸ் என்று கடைக்காரர் சொல்லும் பெட்டி அதுதான்.

பார்க்க வேண்டியவை: எக்ஸ்எல்ஆர் துளை, கன்டென்சர் மைக்குக்கான (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும், இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) 48 வோல்ட், பாடும்போதே குரலைத் தாமதமின்றிக் கேட்க உதவும் நேரடி மானிட்டர் வசதி, விண்டோஸுக்கு உற்பத்தியாளரே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் மென்பொருள்). பெரிங்கர் யூஎம்சி 22 முதல் மூன்றையும் தரும். தனி டிரைவர் கிடையாது. அதே நிறுவனத்தின் யூஎம்சி 202எச்டி தனி டிரைவர், 24 பிட் (ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் அளக்கும் நுட்பம்), இரண்டு மைக் துளைகள் என்று ஒரு படி மேலே நிற்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் மைக் துளை ஒன்றுதான். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் பெட்டிக்குக் கொடுக்காதீர்கள். மைக், ஸ்டாண்ட், நல்ல கம்பி, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஆகியவற்றுக்கு மிச்சம் வேண்டும். கேட்பவர் காதில் தெரியும் வேறுபாடு மைக்கிலும் அறையிலும் இருக்கிறது. இந்த விலைப் பெட்டிகளுக்கு இடையே இருப்பது மிகச் சிறியது.

கேள்வி (செல்லூர்): எங்கள் வீட்டைச் சுற்றித் தறி ஓடுகிறது. கன்டென்சர் மைக் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. கன்டென்சர் தறிச் சத்தத்தையும் தெருவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிடும். ஷூர் எஸ்எம்58 போன்ற, 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் மைக்கை நான்கு விரல்கடை தூரத்தில் வைத்து, தறி நிற்கும் நேரத்தில் பாடுங்கள். சன்னல் பக்கம் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவிட்டால் அறையின் எதிரொலியும் குறையும். அளவுமானி உச்சத்தில் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரிந்த பதிவை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது.

கேள்வி (வாடிப்பட்டி): பெட்டி புதிது. ஆனாலும் பதிவில் "உம்ம்" என்ற ஓசை தொடர்ந்து வருகிறது. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: மாற்றுவதற்கு முன் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். ஓசை மறைந்தால் பெட்டியில் குற்றமில்லை. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் எர்த் வழியாக உள்ளே வருகின்றன. கணினி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மூன்று முனைப் பலகையில் செருகுங்கள். என் வீட்டில் ஒவ்வொரு சித்திரையிலும் இந்த ஓசை வந்துகொண்டிருந்தது; வெயிலில் எர்த் குழி வறண்டுபோயிருந்ததே காரணம் என்று எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்து, தண்ணீர் ஊற்றியவுடன் அடங்கியது. ஓசையைப் போக்குவதற்காக எர்த் முனையை ஒடித்துவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. மைக் உங்கள் உதட்டருகே இருக்கிறது, அதன் உலோகக் கூடு அதே எர்த்தோடு இணைந்திருக்கிறது.

கேள்வி (மேலூர்): பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் பின்தங்கி வருகிறது. தாளம் தவறுகிறது.

பதில்: பெட்டியில் நேரடி மானிட்டர் பொத்தானை அழுத்தி, மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரை அணையுங்கள். எஃபெக்டோடு கேட்டே ஆக வேண்டுமென்றால் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கையை, குறைக்க வேண்டும். 48,000 மாதிரி வேகத்தில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது, 48 கிலோஹெர்ட்ஸ்) 512 பஃபர் என்பது ஏறத்தாழ 10.7 மில்லி வினாடி, 128 என்பது 2.7, போகவும் வரவும் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து மில்லி வினாடித் தாமதம், உங்கள் குரல் மூன்றரை மீட்டர் தள்ளியிருந்து வருவதற்குச் சமம். தனி டிரைவர் இல்லாத பெட்டியானால் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

கேள்வி (திருநகர்): யூஎம்சி 22 போன்ற 48 கிலோஹெர்ட்ஸ் பெட்டிகளை நீங்கள் பரிந்துரைப்பது சரியல்ல. 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்த நாதஸ்வரத்தின் உயிர்ப்பு 48இல் வராது. அலையைப் படிக்கட்டாக வெட்டினால் நுணுக்கம் போய்விடாதா?

பதில்: படிக்கட்டு என்பது பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே இருக்கிறது. 1928இல் நைக்விஸ்ட்டும் 1949இல் ஷானனும் எழுதிய கட்டுரைகளில் இதன் கணக்கு தெளிவாக இருக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் 24,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி முழுவதும் அதில் அடங்கிவிடும். அந்த எல்லைக்குள் அப்புள்ளிகள் வழியே செல்லக்கூடிய வளைகோடு ஒன்றே ஒன்றுதான். ஒலிபெருக்கிக்குப் போகுமுன் வடிப்பான் அந்த வளைகோட்டையே திரும்ப வரைகிறது. இளம் வயதிலேயே நம் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்குகிறது. செலவையும் பாருங்கள்: 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரக் கச்சேரி 48இல் ஏறத்தாழ ஒரு ஜிபி, 192இல் நான்கு ஜிபிக்கு மேல்.

அதே அன்பர் மீண்டும்: கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன், வேறுபாடு தெரிந்தது.

பதில்: நீங்கள் கேட்டதை நான் மறுக்கவில்லை, எதைக் கேட்டீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதை நம் செவி தெளிவென்று எடுத்துக்கொள்ளும். உங்கள் 192 பதிவை 48க்கு மாற்றி, அதை மறுபடி 192க்கு ஏற்றுங்கள். மூலத்தையும் இதையும் ஒரே அளவில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் வேறொருவரை இருபது முறை ஒலிக்கச் செய்யுங்கள். பதினைந்து முறைக்கு மேல் சரியாகச் சொன்னால் எழுதுங்கள், நான் நேரில் வந்து உங்கள் கருவிகளோடு உட்கார்ந்து கேட்கிறேன். 192இல் உண்மையாகவே இரண்டு பயன்கள் உண்டு: அதே பஃபரில் தாமதம் குறையும், ஆனால் கணினி திணறும், ஒலியை நான்கு மடங்கு மெதுவாக்கி விந்தை ஒலிகள் செய்வோருக்கு மேலதிர்வுகள் கிடைக்கும். நாதஸ்வரப் பதிவுக்கு இரண்டும் வேண்டியதில்லை.

கேள்வி (சோழவந்தான்): அப்படியானால் 24 பிட்டும் வீண்தானா?

பதில்: இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடம் இருக்கிறது. 24 பிட்டில் பெட்டியின் மின்னிரைச்சல்தான் எல்லை. அளவைத் தாராளமாகக் குறைத்துவைத்துப் பதிவு செய்யலாம். பணமிருந்தால் 24 பிட்டுக்குக் கொடுங்கள், 192க்காகக் கொடுக்காதீர்கள்.

நாதஸ்வரத்துக்கு அந்த இடம் உண்மையாகவே தேவைப்படும். அது உரத்த வாத்தியம். சுரங்கள் விரல் துளைகளிலிருந்தும் அணசிலிருந்தும் (கீழ்முனையின் விரிந்த பகுதி) சேர்ந்தே வெளிப்படுகின்றன. மைக்கை அணசின் வாய்க்குள் திருப்பினால் சில சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். மூன்று நான்கு அடி தள்ளி, துளைகளின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். வித்வானை உச்சஸ்தாயியில் ஒருமுறை முழுமூச்சாக வாசிக்கச் சொல்லி, அந்த அளவுக்குப் பெட்டியின் கெயினை (பெருக்கும் அளவை) குறைத்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். தவிலும் சேர்ந்தால் அதற்கென்று தனி மைக் வேண்டும். அப்போது இரண்டு மைக் துளையுள்ள பெட்டிதான் உதவும்.

கேள்வி (உசிலம்பட்டி): கைப்பேசியோடு இணைக்கலாமா? ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டு பதிவு செய்கிறோம்.

பதில்: தனி டிரைவர் இல்லாமலே இயங்கும் பெட்டிகளை ஓடிஜி கம்பியால் (கைப்பேசியில் யூஎஸ்பி கருவியைச் செருக உதவும் கம்பி) இணைக்கலாம். கைப்பேசி தரும் மின்சாரம் 48 வோல்ட்டை உருவாக்கப் போதாமல் போகலாம். மின்சாரம் தரும் யூஎஸ்பி ஹப் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள், அல்லது டைனமிக் மைக்கே பயன்படுத்துங்கள். செய்வது பெரிய காரியம். பாடுபவரின் பெயரையும் ஊரையும் அவர் குரலிலேயே தொடக்கத்தில் பதிந்துவையுங்கள்.

கேள்வி (ஆனையூர்): கைத்தட்டல், சிரிப்பொலிப் பொத்தான்கள் உள்ள சவுண்ட் கார்டு மைக்கோடு சேர்த்து மலிவாக வருகிறதே?

பதில்: அது நேரலையில் பேசுவோருக்கானது. வாங்க வேண்டாம்.

கேள்வி (அலங்காநல்லூர்): 10,000 ரூபாய்க்குள் எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம்?

பதில்: திருமங்கலம் அன்பருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுவே பதில். வாங்கும் நாளில் வீட்டு எர்த்தையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): பழைய பெட்டி வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மடிக்கணினி, மைக், ஹெட்ஃபோன் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். இப்போதைய விண்டோஸுக்கு அந்த மாடலின் டிரைவர் கிடைக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுச் சுற்றும் மெதுவாகத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. யூஎஸ்பி துளையில் கம்பியை லேசாக அசைத்து, இணைப்பு விட்டுப்போகிறதா என்று கவனியுங்கள். கன்டென்சர் மைக்கை இரவல் வாங்கியாவது 48 வோல்ட்டைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து பதிவு செய்து, அதை அங்கேயே முழுவதும் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.