வண்டி வேலையை வீட்லயே பாக்கலாமா? பெங்களூர்லருந்து கேட்டதும் சொன்னதும்

நான் பீன்யால ஒரு மெஷின் ஷாப்ல ஃபிட்டர், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வீடு மர்ஃபி டவுன்ல. வீட்ல ஒரு ஸ்ப்ளெண்டர், வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு ஆக்டிவா, ரெண்டுத்துக்கும் நான்தான் மெக்கானிக். நம்ம ஆளுங்க கேட்டதுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

ஹெப்பாள் தம்பி: அண்ணா போன வாரம் நானே ஆயில் மாத்தினேன். இப்ப ஃப்ளைஓவர் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி போக மாட்டேங்குது. ஊத்தினது மாமா கார்ல மிச்சம் இருந்த ஆயில், நல்ல காஸ்ட்லி சிந்தடிக்தான்.

தம்பி, ஆயில் நல்ல ஆயில்தான், ஆனா உங்க வண்டிக்கு உள்ளது இல்ல. கியர் பைக்ல கிளட்ச் பிளேட்டு இன்ஜின் ஆயில்லயே நனைஞ்சுகிட்டு இருக்கும், கார்ல கிளட்ச் வெளிய காய்ஞ்சு இருக்கும். கார் ஆயில் நிறையதுல வழவழப்புக்குன்னு மருந்து சேர்ப்பாங்க, அந்த மருந்து உங்க கிளட்ச் பிளேட்டயும் வழுக்க விட்டுடுது. பைக் ஆயில் டப்பா பின்னாடி ஜாஸோங்கற ஜப்பான் தரக் குறி, JASO MA இல்லன்னா MA2ன்னு போட்டிருக்கும், அத பாத்து வாங்குங்க. ஸ்கூட்டருக்கு MB, ரெண்டையும் மாத்திடாதீங்க. இன்னிக்கே வடிச்சுட்டு சரியான ஆயில் ஊத்துங்க, கிளட்ச் லீவர்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கான்னும் பாருங்க, கேபிள் விறைப்பா இருந்தாலும் இதே மாதிரி வழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டியும் சரியாகலன்னா பிளேட்டு தேய்ஞ்சிருக்கும், மாத்திதான் ஆகணும்.

கே.ஆர்.புரம்: ஆக்டிவால ஆயில் வடிச்சேன், கொஞ்சமாதான் வந்துச்சு, புது ஆயில் ஃபுல்லா ஊத்திட்டேன். இப்ப பின்னாடி டயர் பக்கம் ஒரு ஊளை சத்தம்.

வண்டிய எடுக்காதீங்க, ஸ்டார்ட் கூட பண்ணாதீங்க. ஸ்கூட்டர்ல ஆயில் ரெண்டு எடத்துல இருக்கு, இன்ஜினுக்கு தனி, பின் வீல் கிட்ட இருக்க கியர் பெட்டிக்கு தனி. நீங்க கழட்டினது கியர் பெட்டி போல்ட்டு. அதனாலதான் நூறு மில்லி சொச்சம் மட்டும் வந்திருக்கு. இப்ப கியர் காய்ஞ்சு கிடக்கு, இன்ஜின்ல பழசும் புதுசும் சேர்ந்து அளவுக்கு மேல நிக்குது. ரெண்டையும் வடிச்சு, மேனுவல்ல இருக்க அளவுக்கு ஊத்துங்க. இன்ஜின் ஆயில் அளவ ஸ்டிக்ல பாக்கும்போது மரைய முறுக்காம சும்மா உள்ள விட்டு எடுத்து பாக்கணும், வண்டி சென்டர் ஸ்டாண்டுல சமமா நிக்கணும், இன்ஜின் நிறுத்தி ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கணும்.

இதோட இன்னொன்னு சொல்லிடறேன், ஏன்னா வீட்ல வேலை பாக்கறவங்க அதிகமா கெடுக்கறது இந்த எடத்துலதான். வடிக்கிற போல்ட்டு இரும்பு, அது போய் உக்கார்ற இன்ஜின் கேஸ் அலுமினியம். முறுக்கிகிட்டே போனா போல்ட்டுக்கு ஒன்னும் ஆகாது, கேஸ்ல இருக்க மரை போயிடும். மொதல்ல ஸ்பேனரே வேணாம், விரல்லயே நாலு சுத்து சுத்துங்க, விரல்ல ஏறலன்னா கோணலா நிக்குதுன்னு அர்த்தம், கழட்டி மறுபடி வைங்க. புது வாசர் போடுங்க. அப்புறம் சின்ன ஸ்பேனரால இறுக்குங்க, வாசர் நசுங்கி உக்கார்றது கைல தெரியும், அதுக்கு மேல ஒரு சின்ன இழுப்பு அவ்ளோதான். எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டற டார்க் ரென்ச் இருந்தா ரொம்ப நல்லது. எனக்கு ஒரு தடவ மரை போய் ஹெலிகாயில், அதான் புது மரைக்கு உள்ள வைக்கற கம்பிச் சுருள், போட வேண்டியதா போச்சு, அன்னிலருந்து விரல்ல ஏறாத போல்ட்ட ஸ்பேனரால தொடறதில்ல.

கோரமங்களா: வடிச்ச பழைய ஆயில என்ன பண்றது? பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடைல ஊத்திடு மழைல போயிடும்ங்கறார்.

தயவு செஞ்சு ஊத்தாதீங்க. எங்க போகும்னு யோசிச்சு பாருங்க. கோரமங்களா தண்ணி ராஜகாலுவேங்கற பெரிய மழைநீர் கால்வாய் வழியா பெல்லந்தூர் ஏரிக்கு, அங்கருந்து வர்த்தூர், அப்புறம் தென்பெண்ணை. ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் தாண்டி கடலூர்ல கடல். எங்க ஊருக்கு சாத்தனூர் தண்ணிதான் பாயுது, எங்க அண்ணன் அதுலதான் நெல்லு வைக்கறார். பழைய ஆயில் கேன்லயே திருப்பி ஊத்தி மூடி வைங்க, ரெண்டு மூணு சேர்ந்ததும் சர்வீஸ் சென்டர்லயோ பெரிய மெக்கானிக் ஷெட்லயோ குடுங்க, அவங்ககிட்ட டிரம் இருக்கும், மொத்தமா எடுத்துட்டு போக ஆள் வருவாங்க. துடைச்ச பனியன் வேஸ்ட்ட செடிக்கு பக்கத்துல போடாதீங்க.

ஒயிட்ஃபீல்டு: செயின் கட கடன்னு அடிக்குது, எவ்ளோ டைட் வைக்கணும்?

டைட்டா வைக்கவே கூடாது. சின்ன பைக்குங்களுக்கு பொதுவா 20லருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் வேணும், உங்க வண்டிக்கு சரியான கணக்கு மேனுவல்ல இருக்கும், சில வண்டில பின் வீல தாங்கற ஸ்விங் ஆர்ம்லயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வீல கையால சுத்தி சுத்தி நாலஞ்சு எடத்துல பாருங்க, ஒரு எடத்துல இழுப்பாவும் ஒரு எடத்துல தொங்கலாவும் இருந்தா செயின் ஆயுசு முடிஞ்சிடுச்சு. செயின் அட்ஜஸ்டர்ல இருக்க கோடு வீலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வரணும். டிரம் பிரேக்கா இருந்தா வீல் நகர்ந்ததும் பிரேக்கும் மாறியிருக்கும், அதையும் செட் பண்ணாம ரோட்டுக்கு போகாதீங்க. இன்ஜின ஓடவிட்டு கியர்ல போட்டு செயின் துடைக்கறவங்கள பாத்திருக்கேன், எங்க ஷாப்ல ஒருத்தருக்கு விரல் போச்சு. சாவிய கழட்டி பாக்கெட்ல போட்டுட்டுதான் துணிய எடுக்கணும்.

எலக்ட்ரானிக் சிட்டி: ரெண்டு வாரம் ஊருக்கு போய்ட்டு வந்தேன், பிஎஸ்6 பைக், செல்ஃபும் எடுக்கல கிக்கரும் எடுக்கல.

பேட்டரிதான் பெரும்பாலும். உங்க பிஎஸ்6 மாதிரி இன்ஜெக்‌ஷன் வண்டில டேங்குல இருக்க பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் வேணும், பழைய கார்பரேட்டர் மாதிரி எப்பவும் கிக்கர்ல தப்பிக்க முடியாது. ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, வண்டி நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டினா ஃபுல், 12க்கு கீழ போனா சார்ஜ் போடணும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்து பாருங்க, 13.5லருந்து 14.5குள்ள வந்தா சார்ஜிங் நல்லாருக்கு. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில.

பெல்லந்தூர்: மழை தண்ணில ஸ்கூட்டர் ஃபுட்போர்டுக்கு மேல முங்கிடுச்சு.

2022 செப்டம்பர் வெள்ளத்துல இந்த மாதிரி வண்டி நிறைய பாத்தோம். அவசரப்பட்டு செல்ஃப் அடிச்சதுதான் பாதி வண்டிய கெடுத்துச்சு. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு கிக்கர மெதுவா மிதிச்சா தண்ணி வெளிய வந்துடும். ஏர் ஃபில்டர் பாருங்க, ஆயில் ஸ்டிக் எடுத்து பாருங்க, பால் காப்பி கலர்ல இருந்தா ஆயில மாத்துங்க, கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி ஒருக்கா மாத்துங்க. பெல்ட்டு கவர் உள்ள தண்ணி நின்னாலும் பெல்ட்டு வழுக்கும்.

பனசங்கரி: டிஸ்க் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது, நானே ப்ளீட் பண்ணலாமா?

ப்ளீட்னா பிரேக் லைன்ல சிக்கின காத்த வெளிய எடுக்கறது. மொத தடவ தெரிஞ்சவர பக்கத்துல வெச்சுகிட்டு பண்ணுங்க, தனியா வேணாம். பிரேக் ஃப்ளூயிடு காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சும், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஈரம் ஏறின ஃப்ளூயிடு நந்தி ஹில்ஸ் இறங்கும்போது சூட்டுல கொதிச்சா லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்துடும், பிரேக் பிடிக்காது. வண்டில இருக்க ஃப்ளூயிடு டப்பா மூடில டாட் 3யா டாட் 4ஆன்னு போட்டிருக்கறதத்தான் ஊத்தணும், புதுசா பிரிச்ச டப்பாவா இருக்கட்டும். பெயிண்ட்ல பட்டா உரியும், டேங்க துணி போட்டு மூடுங்க. முடிச்சுட்டு லீவர் கல்லு மாதிரி நிக்கற வரைக்கும் வீட்டு கேட்ட தாண்டாதீங்க.

சிவாஜி நகர் அக்கா: எனக்கு ஸ்பேனரே பிடிக்க தெரியாது, எதுலருந்து ஆரம்பிக்கறது?

காத்துலருந்து அக்கா. ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்க, வாரம் ஒரு நாள் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சில்லுன்னு இருக்கும்போது பாருங்க. அடுத்து ஏர் ஃபில்டர் கவர திறந்து பாருங்க, நாலஞ்சு ஸ்குருதான். இந்த ஊர் தூசிக்கு அது எப்படி ஆயிருக்குன்னு கண்ணால பாத்தா போதும். பேப்பர் ஃபில்டர்னா கழுவாதீங்க, மாத்தத்தான் வேணும். அப்புறம் ஜே.சி. ரோடு பக்கம் போய் 8, 10, 12, 14, 17 ரிங் ஸ்பேனர் வாங்குங்க, நல்ல இரும்பா பாத்து. மட்டமான ஸ்பேனர் நட்டு முனைய உருட்டிடும். மர்ஃபி டவுன் பக்கம் வந்தா ஞாயித்துக்கிழமை காலைல வாசல்லதான் வேலை பாத்துகிட்டு இருப்பேன், வண்டிய எடுத்துட்டு வாங்க, உங்க கையாலயே கழட்ட சொல்லித் தரேன்.