பதில் வராத ஜெபமும் எரேமியாவின் கிரயப் பத்திரமும்

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே காரியத்துக்காக ஜெபித்து வருகிறேன்; பதில் இல்லை. "ஆண்டவருக்குக் காத்திரு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிக் காத்திருக்கும் காலத்தில் விசுவாசத்தையும் நம்பிக்கையையும் எப்படித் தக்கவைத்துக்கொள்வது?

எனக்குத் திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. ஆகவே, சாட்சி நேரத்தில் எழுந்து நின்று சொல்லும்படியான முடிவு எதுவும் என் கதையில் இன்னும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருமணமான நான்காம் ஆண்டு, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் என் மனைவி எடுத்ததில் எரேமியா 29:11 இருந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்ற சொற்களைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள். சில வாரங்களில் எங்கள் சபைக்கு வந்த ஓர் ஊழியர், எங்கள் தலைமேல் கைவைத்து, அடுத்த வருஷம் இந்நேரம் கையில் பிள்ளையோடு நிற்பீர்கள் என்று சொன்னார். நாங்கள் நாள்காட்டியில் அந்த மாதத்தைக் குறித்துவைத்தோம். மாதம் வந்தது, போனது. பிள்ளை இல்லாத துக்கத்தோடு, தவறியது அந்த ஊழியரா, ஆண்டவரா, எங்கள் விசுவாசமா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. "விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது" என்று அன்போடு சொன்னவர்களும் உண்டு. ஏறக்குறைய ஓர் ஆண்டு நான் திருவிருந்துக்குப் போகவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள், அட்டையில் இருந்த வசனத்தின்மேல் கோபத்தோடுதான், எரேமியாவின் 28, 29ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தேன். எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தார் ஏற்கெனவே பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோகப்பட்டிருக்கிறார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் நின்று, இரண்டே வருஷத்தில் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று கர்த்தருடைய பெயரால் அறிவிக்கிறான். அதற்கு எரேமியா சொல்லும் முதல் வார்த்தை "ஆமென்" என்பது; கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அதைக் கேலி என்று சிலர் விளக்குகிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று அவரும் ஏங்கியிருப்பார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் ஒரு நுகத்தைப் பூட்டியிருந்தார். பிறகு அனனியா அதைப் பிடுங்கி உடைத்தபோது, அவர் வாக்குவாதம் செய்யாமல் தம் வழியே போய்விடுகிறார்.

அடுத்த அதிகாரத்தில்தான் அந்தச் சிறையிருப்பினருக்கு அவர் எழுதிய கடிதம் வருகிறது. எங்கள் அட்டையில் அச்சிடப்படாத பத்தாம் வசனம், அவர்கள் திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது. அந்தக் கடிதத்தை நாற்பது வயதில் வாசித்த ஒருவர், தாம் ஊர் திரும்பப்போவதில்லை என்பதை அதிலிருந்தே தெரிந்துகொண்டிருப்பார். ஆனாலும் அவர்களிடம், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்படுகிறது. அதே கடிதத்தில் குமாரரையும் குமாரத்திகளையும் பெறுங்கள் என்றும் ஒரு வரி உண்டு; அதை நான் நெடுநாள் கண்ணை ஓட்டித் தாண்டித்தான் வாசித்தேன். அந்த வரியை எழுதியவரே விவாகம் செய்யவும் பிள்ளை பெறவும் கூடாது என்று கட்டளை பெற்றவர் என்பதைப் பதினாறாம் அதிகாரத்தில் பிறகுதான் கவனித்தேன்.

அந்த வசனத்தில் "எதிர்பார்த்திருக்கும்" என்று நம் வேதத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் எபிரெயச் சொல் திக்வா. நம்பிக்கை என்று பொருள்படும் இதே சொல்தான், எரிகோவில் இஸ்ரவேல் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப், பட்டணம் பிடிபடும்போது தன் வீடு தப்புவதற்கு அடையாளமாக ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிற்றுக்கும் வழங்குகிறது. எரிகோ மதில்களுக்குள் அவளுக்கு எந்தத் தேதியும் தெரியாது. கயிறு கட்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது இதற்கு நேர்மாறானது. மனை வாங்குவதையும், எனக்கு வந்த பணி மாற்றத்தையும், ஊருக்குப் போய்வருவதையும்கூடப் "பிள்ளை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தோம். அதை விசுவாசம் என்று நினைத்திருந்தோம். இப்போது யோசித்தால், அனனியாவின் இரண்டு வருஷத்தை நம்பி, மூட்டையை அவிழ்க்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் போலத்தான் நாங்கள் இருந்திருக்கிறோம்.

ஒன்பதாம் ஆண்டு ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கினோம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது என் மனைவி மெதுவாக, "இது யாருக்குன்னு வாங்குறோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எரேமியா 32ஆம் அதிகாரத்தைத்தான் சொன்னேன். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் உள்ள ஒரு நிலத்தைத் தம் பெரிய தகப்பன் மகனிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, கிரயப் பத்திரத்தை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். அவருக்கு வாரிசு இல்லை. அந்த நிலத்தில் அவர் கால்வைத்ததாகவும் வேதத்தில் எங்கும் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்துப் போட்ட உடனே அவரும் ஆண்டவரிடம், நகரமோ கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே என்று முறையிடுகிறார். விலை கொடுத்த பிறகு வந்த அந்தச் சந்தேகம் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். உங்கள் காரியத்துக்கு யாராவது நாள் குறித்துக் கொடுத்தால் ஆமென் சொல்லுங்கள்; நாள்காட்டியில் மட்டும் குறிக்காதீர்கள். மருத்துவம் இருந்தால் அதையும் விடாமல் பாருங்கள்; நாங்கள் பார்த்தோம், இரண்டு முறை தோற்றது. முறையிட வேண்டியிருந்தால் முறையிடுங்கள். பதின்மூன்றாம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுக்கொண்டேதான் தொடங்குகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ கடைசிவரை வெளிச்சம் இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் சபையில் பாடும் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். விசுவாசம் குறைந்தவனின் பேச்சு என்று யாரும் அதை நீக்கிவிடவில்லை. எதை "பதில் வந்த பிறகு" என்று தள்ளிவைத்திருக்கிறீர்களோ, அதில் ஒன்றையாவது இந்த ஆண்டு எடுத்துச் செய்யுங்கள்.

மனையில் வீடு கட்டிவிட்டோம். பின்பக்கம் வைத்த ஒட்டு மாங்கன்று இந்தக் கோடையில் முதன்முறையாகப் பதினொரு காய் காய்த்தது. குழந்தைக்காக ஜெபிப்பதை நாங்கள் விடவில்லை. சில இரவுகளில் எனக்கு வார்த்தை வருவதில்லை. அவள் ஜெபிக்கிறாள், நான் ஆமென் சொல்கிறேன். அவளுக்கு வராத இரவுகளில் நான் ஜெபிக்கிறேன்.